நெசவாளர்களுக்கு வந்த டிரான்ஸ்ஃபர்

அகமதாபாத் வந்து நான்காவது வருடம் ஓடிக்கொண்டிருக்கிறது. வங்கியில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். மூன்று வருடம் தாண்டிவிட்டால் அடுத்த பட்டியலில் நம் பெயர் இருக்குமா, இருந்தால் எந்த ஊர், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்ன ஆகும் என்று மண்டைக்குள் ஒரு ஓரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படி இருக்கிற ஒருவன் சரித்திரப் புத்தகம் படித்தால் அவன் கண்ணில் படுவதும் டிரான்ஸ்ஃபர் கதைகளாகத்தான் இருக்கும் போலிருக்கிறது. :-)

பட்டுப் பாதை பற்றி எல்லோருக்கும் தெரியும். சீனாவிலிருந்து ஒட்டகத்தில் பட்டு ஏற்றிக்கொண்டு பாலைவனம் தாண்டிப் போனார்கள் என்று ஏழாம் வகுப்பிலேயே படித்தோம். துணி போனது சரி, நெய்தவர்கள்? அவர்களும் போயிருக்கிறார்கள். பெரும்பாலும் தாங்களாக விரும்பிப் போகவில்லை. இந்தப் பதிவு அவர்களைப் பற்றியது.

முதலில் கொஞ்சம் கணக்கு வழக்கு. பி.காம். படித்தவன் வேறு எங்கிருந்து ஆரம்பிப்பேன்?

கெய்ரோ நகரின் பழைய பகுதியான ஃபுஸ்தாத்தில் பென் எஸ்ரா என்ற யூதர் கோயில் இருக்கிறது. கடவுள் பெயர் எழுதியிருக்கக்கூடிய எந்தத் தாளையும் கிழித்து எறியக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். அதனால் பழைய கடிதம், கணக்குச் சீட்டு, கல்யாண ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஒரு அறையில் போட்டு வைத்தார்கள். நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த அந்தக் குவியலின் பெரும்பகுதியை 1896-97இல் சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். அதை வருடக்கணக்கில் உட்கார்ந்து படித்து 11, 12ஆம் நூற்றாண்டு வியாபாரிகளின் வாழ்க்கையை எழுதியவர் எஸ்.டி. கோய்டைன்.

அவர் எழுதியதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது பட்டின் விலை. சாதாரணத் தரப் பட்டு ராத்தலுக்கு 2 தினார். இந்த விலை அவ்வளவு நிலையாக இருந்ததால் பட்டைக் கிட்டத்தட்ட இன்றைய பங்கு, கடன் பத்திரம் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டார்கள். கையில் கொஞ்சம் பணம் மிஞ்சினால் பத்து ராத்தல் பட்டு. அவசரம் என்றால் விற்றுவிடலாம். அந்தக் காலத்தில் எளிமையான ஒரு குடும்பத்தின் மாதச் செலவு ஏறக்குறைய 2 தினார் என்றும் அவரே சொல்கிறார். அப்படியானால் ஒரு ராத்தல் பட்டு ஒரு மாதக் குடும்பச் செலவு! நம் வீட்டில் தங்கக் காசு வாங்கி பீரோவில் வைக்கிற புத்திதான். நஹ்ராய் பென் நிஸ்ஸிம் என்ற 11ஆம் நூற்றாண்டு ஃபுஸ்தாத் வியாபாரியின் கடிதக் கட்டு அப்படியே கிடைத்திருக்கிறது. பட்டு, சணல் வியாபாரத்தோடு பணப் பரிமாற்றமும் செய்தவர். ஒரு வகையில் எங்கள் இனம்.

அதே குவியலில் நம் மேற்குக் கரைக்கு வந்த கடிதங்களும் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் ஆப்ரஹாம் பென் யிஜு என்பவர் மங்களூரில் பல வருடம் தங்கி மிளகு, இரும்பு, வெண்கலப் பாத்திரம் என்று அனுப்பிக்கொண்டிருந்தார். ஏதனில் இருந்த கூட்டாளி ஒருவர் அவருக்குத் தங்கமாக அனுப்புவதற்குப் பதில் பட்டு அனுப்புகிறார். மலபாரில் பட்டு நன்றாக விலைபோகிறது என்று கேள்விப்பட்டாராம், வெறும் தங்கத்தை அனுப்பி என்ன லாபம் என்று யோசித்திருக்கிறார். பட்டு மேற்கிலிருந்து இந்தியாவுக்கும் வந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். சீனாவிலிருந்து மேற்கே மட்டும் போன ஒருவழிப் பாதை இல்லை இது.

சீனாவின் ஏகபோகம் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே உடைந்துவிட்டது. 6ஆம் நூற்றாண்டில் பைசாந்தியத்துக்குப் பட்டுப்புழு முட்டைகளைத் துறவிகள் சிலர் கொண்டுவந்தார்கள் என்று புரோகோப்பியஸ் எழுதியிருக்கிறார். ஈரானில் சாசானியர் காலத்திலேயே பட்டு நெய்தார்கள். அரபுகள் அந்த நாடுகளைப் பிடித்தபோது தறிகளும் சேர்ந்தே கைக்கு வந்தன. பின்னால் மெர்வ், குர்கான், கூஸிஸ்தான் என்று தொடங்கி ஸ்பெயினின் அல்மேரியா வரை பட்டு நெசவு பரவியது. அல்மேரியாவில் மட்டும் 800 பட்டுத் தறி இருந்ததாக 12ஆம் நூற்றாண்டில் அல் இத்ரீஸி எழுதுகிறார்.

ஆண்கள் தூய பட்டு உடுத்தக்கூடாது என்பது இஸ்லாத்தில் நபிமொழி வழி வந்த விதி. பெண்களுக்குத் தடையில்லை. ஆண்களின் உடையிலும் இரண்டு விரல், அதிகம் போனால் நான்கு விரல் அகலத்துக்குப் பட்டுக் கரை வைத்துக்கொள்ளலாம். விதி இருக்கிற இடத்தில் அதற்குள் நின்றே வழி கண்டுபிடிக்கிறவர்களும் இருப்பார்கள் (வருமான வரி போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்). பாவு பட்டு, ஊடை பருத்தி என்று கலந்து நெய்தார்கள். 'முல்ஹம்' என்று பெயர். அதன் தங்கை இன்றும் குஜராத்தில் இருக்கிறாள். 'மஷ்ரு' என்பார்கள். அனுமதிக்கப்பட்டது என்று பொருள். பட்டு முழுக்க மேல் பக்கம் பளபளக்கும், உடம்பில் படுகிற பக்கம் பருத்தி. பாட்டனில் ஒரு கடையில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேலே பட்டு, அடியில் நம் ஊர் வேட்டி மாதிரி சாது. வெயில் காலத்தில் உடுத்த இதைவிடப் புத்திசாலித்தனமான பட்டு இல்லை என்பது என் வீட்டம்மாவின் தீர்ப்பு.

அரசாங்கத் துணி என்று ஒன்று தனியாக இருந்தது. 'திராஸ்' என்பார்கள். துணியின் ஓரத்தில் கலீஃபாவின் பெயர், ஆசீர்வாத வாசகம், பல துண்டுகளில் நெய்த ஊரும் வருடமும்கூட எழுத்தாக இருக்கும். ஆட்சியில் இருப்பவர் பெயர் மூன்று இடத்தில் வரவேண்டும். நாணயத்தில், வெள்ளிக்கிழமைத் தொழுகை உரையில், திராஸ் துணியில். பெயர் மாறினால் ஆட்சி மாறியது என்று ஊருக்குப் புரிந்துவிடும். ரூபாய் நோட்டில் கவர்னர் கையெழுத்து மாதிரி. இந்த உடைகளை அரசர் தன் அதிகாரிகளுக்கும் தூதர்களுக்கும் போர்த்தி மரியாதை செய்வார். நம் மேடைப் பொன்னாடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது நிஜமாகவே பொன் கலந்தது, அவசரத்துக்கு விற்கவும் முடிந்தது. நம் பொன்னாடையை யார் வாங்குவார்கள்?

சரி, நெசவாளர்களுக்கு வருவோம்.

751இல் இன்றைய கிர்கிஸ்தான், கஸாக்ஸ்தான் எல்லைப் பக்கம் தலாஸ் ஆற்றங்கரையில் சீனத் தாங் படைக்கும் அப்பாஸிய அரபுப் படைக்கும் சண்டை. சீனர்கள் தோற்றார்கள். சிறைபட்டவர்களில் து ஹுவான் என்று ஒருவர். பத்து வருடத்துக்கு மேல் அரபு நாடுகளில் இருந்துவிட்டு 762இல் வணிகக் கப்பல் ஏறி குவாங்சௌ துறைமுகத்துக்குத் திரும்பினார். பார்த்ததை எல்லாம் புத்தகமாக எழுதினார். புத்தகம் போய்விட்டது. அவருடைய உறவினர் து யூ தொகுத்த பெரிய கலைக்களஞ்சியத்தில் சில பக்கங்கள் மட்டும் மேற்கோளாகத் தப்பித்தன.

அதில் அப்பாஸியரின் அன்றைய தலைநகரான கூஃபாவைப் பற்றிச் சொல்லும்போது, அங்கே வேலை செய்த சீனக் கைவினைஞர்களைக் குறிப்பிடுகிறார். தலைநகரைச் சேர்ந்த ஓவியர்கள் இருவர். ஹெதோங் பகுதியைச் சேர்ந்த நெசவாளர்கள் இருவர், பெயர் யுவே ஹுவான், லியூ லி. அவ்வளவுதான். எப்படி அங்கே போனார்கள், திரும்பினார்களா, குடும்பம் என்ன ஆனது, ஒன்றும் இல்லை. நான் இந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. வெளியூரில் நம் ஊர்க்காரரைப் பார்த்தால் முதலில் என்ன கேட்போம்? பெயர், அப்புறம் எந்த ஊர். து ஹுவான் எழுதி வைத்திருப்பதும் அந்த இரண்டு விவரம்தான். சுல்தான்களின் பெயரை அங்குலம் அங்குலமாகப் பொன் எழுத்தில் நெய்த உலகத்தில் நெய்தவனின் பெயர் கிடைப்பது அபூர்வம். இந்த இருவரின் பெயர் தப்பித்ததற்குக் காரணம் ஊரைவிட்டுத் தொலைந்த இன்னொருவர்.

இது நடந்து ஏறக்குறைய 470 வருடம் கழித்து அதே காரியம் எதிர்த்திசையில் நடந்தது. இந்தத் தடவை பெரிய அளவில்.

செங்கிஸ்கான் 1219இல் மேற்கே கிளம்பினார். 1220இல் சமர்க்கண்ட் விழுந்தது. கைவேலை தெரிந்தவர்கள் 30,000 பேரைப் பிரித்தெடுத்துத் தன் பிள்ளைகளுக்கும் உறவினர்களுக்கும் பங்கு போட்டுக் கொடுத்தார் என்று ஜுவைனி எழுதுகிறார். மனிதர்களைப் பங்கு பிரிப்பது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். மங்கோலியர் பிடித்த ஊர்களில் இதுவே நடைமுறை. தொழில் தெரிந்தவன் தனி வரிசை. மற்றவர்கள் கதி ஊருக்கு ஊர் வேறுபடும், நல்லபடியாக இருந்தது குறைவு.

மங்கோலியருக்கு அப்படி என்ன துணி மேல் ஆசை? அவர்கள் விரும்பியது 'நஸீஜ்' என்ற பொன்துணி. பட்டோடு பொன் இழை சேர்த்து நெய்வது. நம் காஞ்சிபுரச் சரிகை மாதிரி வெள்ளிக் கம்பியை நசுக்கிப் பட்டு நூலில் சுற்றிச் செய்வது மட்டும் இல்லை. மெல்லிய தோலின் மேல் பொன் தகட்டை ஒட்டி, அதை மயிரிழை அகலத்துக்கு வெட்டி, அப்படியே நெய்யவும் செய்தார்கள். சீனாவில் தோலுக்குப் பதில் காகிதம் வைத்துச் செய்கிற முறையும் உண்டு. இன்று ஆராய்ச்சியாளர்கள் ஒரு துண்டு எங்கே நெய்யப்பட்டது என்று ஊகிப்பதற்கு இந்த அடிப்பொருளும் ஒரு தடயம். (ஜரி என்ற சொல்லே பாரசீகத்தில் பொன்னைக் குறிக்கும் 'ஸர்' என்பதிலிருந்து வந்தது. காஞ்சிபுரத்துக்குச் சரிகை போவது இங்கே பக்கத்து சூரத்திலிருந்து. நம் வீட்டுக் கல்யாணத்துக்கும் இந்தக் கதைக்கும் அவ்வளவு தூரமில்லை.)

குப்ளாய் கான் தன் மெய்க்காவலர் 12,000 பேருக்கும் வருடத்தின் 13 விருந்துகளுக்கு விருந்துக்கு ஒன்றாக ஆளுக்கு 13 உடை கொடுத்தார் என்கிறார் மார்க்கோ போலோ. மொத்தம் 1,56,000 உடை. பெருக்கல் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இது முதலாளி வீட்டுப் பெருமையைச் சொல்கிற ஊழியரின் கணக்கு. ஆடிட்டுக்கு வந்தால் வவுச்சர் கேட்பேன். பாதியைத் தள்ளினாலும் அத்தனை துணி நெய்ய எத்தனை தறி, எத்தனை கை வேண்டும்? அதுதான் விஷயம்.

இப்போது ஹெராத். இன்றைய மேற்கு ஆப்கானிஸ்தான். பொன்துணிக்குப் பேர் போன ஊர். 1221இல் செங்கிஸ்கானின் கடைசி மகன் தொலுய் படையோடு வந்தபோது ஊர் பணிந்தது. காவற்படையைக் கொன்றார்கள், மற்றவர்களை விட்டார்கள். நெசவாளர்களை மட்டும் குடும்பங்களோடு பெயர்த்து, பேஷ்பாலிக் என்ற ஊருக்கு அனுப்பினார்கள். இன்றைய சீனாவின் சின்ஜியாங்கில், தியான்ஷான் மலைக்கு வடக்கே இருந்த உய்கூர் நகரம் அது. அவர்கள் தலைவர் பெயர் இஸ்ஸுத்தீன். ஊர் வரலாறு எழுதிய ஸைஃபி ஹரவி அந்தப் பெயரைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்.

நெசவாளர்கள் போன பிறகு ஹெராத் மங்கோலியருக்கு எதிராகக் கிளர்ந்தது. 1222இல் திரும்பி வந்த படை இந்தத் தடவை யாரையும் விடவில்லை. விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் ஆட்கள் மிஞ்சினார்கள் என்று ஊர் வரலாறு சொல்கிறது. எண்ணிக்கை எல்லாம் மிகை என்று தள்ளினாலும் ஊர் அழிந்தது உண்மை. ஆயிரக்கணக்கான மைல் தூரத்தில் குளிர் நாட்டில் கட்டாயத் தறியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தச் செய்தி எப்போது, யார் மூலம் வந்து சேர்ந்திருக்கும்! விட்டுவிட்டு வந்த அண்ணன், மாமன், பக்கத்து வீடு ஒருவரும் இல்லை. தன்னை இழுத்துப் போனவர்களால்தான் தான் உயிரோடு இருக்கிறோம் என்பதை அந்த மனிதர் எந்தக் கணக்கில் எழுதியிருப்பார்? எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பதினைந்து வருடம் போனது. 1236இல் செங்கிஸ்கானின் மகன் ஒகொதாய் ஹெராத்தை மறுபடி எழுப்ப அனுமதி கொடுத்தார். இஸ்ஸுத்தீன் தலைமையில் ஒரு சிறு கூட்டம் திரும்பியது. வந்து பார்த்தால் கால்வாய்கள் தூர்ந்து கிடக்கின்றன. உழ மாடு இல்லை. மனிதர்களே ஏரில் பூட்டிக்கொண்டு இழுத்தார்கள். முதலில் விளைந்த பருத்தியைப் பலசாலி ஆட்கள் முதுகில் சுமந்து வெளியூர் போய் விற்று, மண்வெட்டியும் உழவுக் கருவியும் வாங்கி வந்தார்கள். பொன் இழை கோத்த விரல்கள்! பின்னால் இன்னும் சில குடும்பங்கள் பேஷ்பாலிக்கிலிருந்து வந்து சேர்ந்தன. எல்லோரும் வரவில்லை. அங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பதினைந்து வயது ஆகியிருக்கும் அல்லவா. நம் பிள்ளைகளை இன்று சொந்த ஊருக்குக் கிளம்பு என்றால் என்ன சொல்வார்கள் என்று வீட்டில் கேட்டுப் பார்க்கலாம், பதிலுக்கு நான் பொறுப்பில்லை.

சீனாவின் வட பகுதியில் இன்னும் இரண்டு குடியிருப்புகள். ஒன்று ஹோங்சௌ. மேற்கு நாட்டுப் பொன்துணி நெசவாளர்கள் 300க்கு மேற்பட்ட குடும்பம், கைஃபெங் நகரிலிருந்து கம்பளி நெய்கிறவர்கள் 300 குடும்பம், இரண்டையும் ஒரே இடத்தில் குடியேற்றி சின்காய் என்ற அதிகாரியின் பொறுப்பில் விட்டார்கள். பொறுப்பு அவர் வம்சத்துக்கே பரம்பரை. சீனர்களின் அதிகார வரலாறான 'யுவான் ஷி'யில் இருக்கிற கணக்கு இது. பாரசீகமும் துருக்கியும் பேசுகிறவர்களும் சீனம் பேசுகிறவர்களும் அடுத்தடுத்த தறியில். மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்ன மொழியில் பேசிக்கொண்டார்கள்?

எதிர்த்திசையிலும் ஆட்கள் போனார்கள். செங்கிஸ்கானைப் பார்க்கப் போன தாவோயிசத் துறவி ச்சியூ ச்சூஜி 1221இல் மங்கோலியாவில் இதே சின்காயின் பெயர் கொண்ட ஊரில் சீனக் கைவினைஞர்களைப் பார்த்தார். அந்தக் குளிர்காலம் சமர்க்கண்ட் போய்ச் சேர்ந்தால் அங்கேயும் சீனக் கைவினைஞர்கள். சமர்க்கண்டார் சீனாவுக்கு, சீனர் சமர்க்கண்டுக்கு. எங்கள் தலைமை அலுவலகத்து ஆர்டர்களிலேயே சில சமயம் தர்க்கம் இப்படித்தான் இருக்கும்.

இந்தக் கலப்படம் துணியில் தெரிகிறது. அமெரிக்காவில் கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தில் 13ஆம் நூற்றாண்டின் பொன்துணி ஒன்று இருக்கிறது. சிறகு முளைத்த சிங்கங்கள் ஈரான் பக்கத்து வழக்கப்படி ஜோடி ஜோடியாக வட்டங்களுக்குள் நிற்கின்றன. உள்ளே நெளிகிற மேகம் மாதிரியான அலங்காரம் சீனத்துச் சாயல். படத்தில் பார்த்தாலே இரண்டு ஊர்க்காரர்கள் சேர்ந்து செய்த வேலை என்று தோன்றும்.

துணிகள் போய்ச் சேர்ந்த இடத்தைச் சொன்னால் சிரிப்பாக இருக்கும். 1295இல் போப்பாண்டவரின் பொக்கிஷப் பட்டியலில் 'தார்த்தாரியத் துணி' என்று வரிசையாக வருகிறது. ஆஸ்திரியக் கோமகன் நான்காம் ரூடால்ஃப் 1365இல் இறந்தபோது பொன்துணியில் சுற்றி அடக்கம் செய்தார்கள். வியன்னா பல்கலைக்கழகத்தை நிறுவியவர் அவர். துணியில் அரபு எழுத்தில் நெய்திருக்கும் பெயர் ஈரானை ஆண்ட மங்கோலிய வம்சத்து முஸ்லிம் சுல்தான் அபூ சயீத் (ஆட்சி 1316-1335). கலீஃபா 1258இல் பாக்தாதோடு போய்விட்டார், ஆனால் அரசன் பெயரைத் துணியில் நெய்கிற திராஸ் வழக்கம் போகவில்லை. பெயர் தெரிந்து போர்த்தினார்களா என்றால், வாசிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்திருக்க வாய்ப்பு குறைவு. பிரான்சில் புனித ஜோஸ் என்பவரின் எலும்புகளைச் சுற்றி வைத்திருந்த பட்டிலும் யானைகளும் குராசான் தளபதி ஒருவரின் பெயரும். 961இல் இறந்த அபூ மன்சூர் புக்தகீன் அவர். அது இப்போது லூவ்ரில் இருக்கிறது.

நம் பக்கத்துக்கு ஒரு வார்த்தை. நெசவாளர் இடப்பெயர்ச்சி என்றதும் மதுரைக்காரர்களுக்குப் பட்டுநூல்காரர் ஞாபகம் வரும், சௌராஷ்டிர நண்பர்கள். மத்தியப் பிரதேசம் மந்தசோர் கல்வெட்டில் தெற்கு குஜராத்தின் லாட நாட்டுப் பட்டு நெசவாளர் சங்கம் ஒன்று அங்கே குடிபெயர்ந்த செய்தி இருக்கிறது. அவர்கள் 436-37இல் சூரியன் கோயில் கட்டி, 473-74இல் பழுது பார்த்தார்கள். சிலர் தறியை விட்டு வில் பிடித்தார்கள், சிலர் சோதிடம் பார்த்தார்கள் என்றெல்லாம் வருகிறது. இவர்கள்தான் மதுரைக்காரர்களின் முன்னோர் என்று சொல்வோர் உண்டு. நடுவில் ஆயிரம் வருட இடைவெளிக்கு டாகுமெண்ட் இல்லாமல் நான் சாங்ஷன் செய்யமாட்டேன். ஆனால் யாரும் இழுத்துப் போகாமல் தாங்களாகக் கிளம்பிய நெசவாளர்கள் என்பதால் அவர்களை இங்கே சொல்லத் தோன்றியது.

விட்டுப்போன இன்னொரு குடியிருப்பு, ஷுன்மாலின். இன்றைய ஹெபெய் மாகாணத்தில். இங்கே 3,000 முஸ்லிம் கைவினைஞர் குடும்பம். நஸீஜ் நெசவுக்குப் பேர் போன இடம். இதைப் பற்றி ஈரானில் உட்கார்ந்து எழுதிய ரஷீதுத்தீன், சிமாலி என்ற பெயரில் ஒரு வரி சொல்கிறார். அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் சமர்க்கண்டார், சமர்க்கண்ட் முறையிலேயே நிறையத் தோட்டங்கள் போட்டிருக்கிறார்கள் என்று. மணிநகரில் ஃபிளாட் பால்கனியில் பிளாஸ்டிக் வாளியில் கறிவேப்பிலை வளர்க்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

அகமதாபாத்தில் இருக்கிறவர்கள், அல்லது விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு சுற்றுகிறவர்கள், ஷாஹிபாகில் காலிகோ துணி அருங்காட்சியகத்துக்கு ஒரு தடவை போய் வாருங்கள். முன்பதிவு இல்லாமல் போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். பாட்டன் போகிறவர்கள் எல்லோரும் பட்டோலா பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். மஷ்ருவையும் கேட்டுப் பாருங்கள், அடிப்பக்கம் திருப்பித் தடவிப் பார்த்து வாங்குங்கள். விலை பேசலாம்.